அப்பன் வேட்டி

23 நவம்பர் 1986

கேழ்வரகு அறுப்புக்கு முன்னால் களத்தைச் சாணம் போட்டு மெழுகினேன். முதுகு கழன்று விழுகிறது.

நேற்று மாலை அவர் ஓசூரிலிருந்து வந்தார். சனிக்கிழமை வருவதும், திங்கள் விடியலில் முதல் பஸ் பிடித்துக் கம்பெனிக்கு ஓடுவதும்தான் மூன்று வருஷமாக எங்கள் குடித்தனம். களியைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சூப்பர்வைசர் வீட்ல கொழந்த பொறந்திருக்குது. ஒரு தையல் போர்வ தச்சுக் குடு. அந்தாளு மனசு வச்சா பர்மனெண்ட் ஆயிரும். அப்புறம் ஓசூர்லயே வீடு பாத்து உன்னயும் கூட்டிகினு போயிடறேன்."

அதற்காக ஒன்றென்ன, ஒன்பது தைப்பேன். ஆனால் பிள்ளைப் போர்வை என்றால் உள்மடிப்பில் அப்பன் கட்டிப் பழசான வேட்டி வைக்க வேண்டும். அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் ஊசி எடுக்க மாட்டோம். அப்பன் வாசனை மேலே கிடந்தால் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிடாதாம். கேட்டு வாங்கி வரச் சொன்னேன். இதே ஊர்க்காரர்தானே, ஏன் என்று கேட்கவில்லை. தலையாட்டினார்.

26 நவம்பர்

மேல்துணிக்கு அம்மாவின் இளம்பச்சைச் சேலையை எடுத்தேன். எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கென்று வைத்திருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் எதற்குப் பெட்டியில்? யாரோ ஒரு குழந்தை போர்த்திக்கொள்ளட்டும்.

மாதுளைத் தோலைக் காய்ச்சி நூலுக்குச் சாயம் ஏற்றினேன். இந்த மஞ்சள் இந்த ஊரில் வேறு யாருக்கும் வராது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

சித்தி மகள் ஜெயமணி அடுத்த வீடுதான். அவர் சிபாரிசில் அதே கம்பெனியில் பேக்கிங் வேலை, பெண்களுக்கு மட்டும் விடும் கம்பெனி வேனில் தினமும் போய் வருகிறாள். சாயங்காலம் வந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தாள். வழக்கமாக வாய் ஓயாது, இன்று பேச்சே இல்லை. கேட்டால், "கண்ணு வலிக்குதுக்கா" என்றாள்.

30 நவம்பர்

வேட்டி வந்துவிட்டது, பேப்பரில் சுற்றி.

"பேண்ட் போடற சூப்பர்வைசருக்கு ஏதுங்க இவ்ளோ நைஞ்ச வேட்டி?"

"வீட்ல கட்டுவாரு. உனக்கென்ன, தைய்யி."

பெரிய இடத்து ரகசியம் என்று சிரித்தேன். பேப்பரை எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டேன். இரண்டு நாள் ஊறினால் துணி பூப்போல ஆகிவிடும்.

2 டிசம்பர்

எழுத்து கோணலாக வருகிறது.

வேட்டியை அலசிக் கொடியில் விரித்தேன். ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் தையல். போன வருஷம் அவர் வேலி அடைக்கும்போது முள் கிழித்தது. வீட்டில் வெள்ளை நூல் இல்லாமல் என் மாதுளை நூலால் நெருக்கித் தைத்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா?

ஓசூர் ரூமில் துணி மாறியிருக்குமோ? சூப்பர்வைசர் கொடுக்காததால் தன்னுடையதைக் கொடுத்துவிட்டாரோ? அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் —

ஜெயமணி வேனை விட்டு இறங்கியதும் அவள் கையில் வேட்டியைக் கொடுத்தேன். "இது யார்துன்னு பாரு." பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆம்பளப் புள்ளக்கா. ஒரு மாசம் ஆவுது."

"யாருக்கு?"

"மாமாவுக்குத்தான். ரூமுக்கு எதுத்தாப்ல இருக்கிற பொண்ணு. ரெண்டு வருசமா ஒண்ணாத்தான் இருக்காங்க. சொன்னா என் வேலயக் கெடுத்துருவேன்னாரு."

இரண்டு வருஷம். என் வீட்டுக் களியைத் தின்று, என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் போர்வைக்கே நூல் கோத்துக் கொடுத்திருக்கிறாள். எந்திரிச்சுப் போடி என்றேன். போய்விட்டாள். அந்தாளு யாரு வீட்லயோ பொறந்து வந்து தாலி கட்டுனவன், நீ எங்கூட ஒரே தட்டுல தின்னவடி — இதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதுதான் வாய்க்கு வருகிறது.

3 டிசம்பர்

களி அடிப்பிடித்தது. தின்றேன்.

4 டிசம்பர்

ஒன்றே ஒன்றுதான் மண்டையைக் குடைகிறது. ஏதோ ஒரு பழந்துணியை வாங்கி வந்து சூப்பர்வைசருடையது என்றிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஏன் தன் வேட்டியையே கொண்டுவந்தான்? இந்த ஊரில் வளர்ந்தவன். வேறு ஆள் துணியை வைத்துத் தன் பிள்ளையை ஏமாற்ற மனசு வரவில்லை. என்னை ஏமாற்ற மட்டும் வந்தது.

முள் கிழித்ததை நான் தைத்தேன் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக இடுப்பில் கட்டியிருக்கிறான், ஒரு நாளாவது குனிந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேறு வேட்டியைக் கொடுத்திருப்பான், நானும் சந்தோஷமாகத் தைத்துக்கொண்டிருப்பேன்.

அவன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

5 டிசம்பர்

அம்மா சேலையைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். அது அந்த வீட்டுக்குப் போகாது.

பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய். இருக்கிறது. ஆனாலும் ஓசூர்க் குளிர் அதற்கும்தானே. வேறு துணிகளை வெட்டிக் காலையிலிருந்து தைத்தேன். அறுப்புக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

6 டிசம்பர்

வந்தான். கால் கழுவிவிட்டு மாற்றிக்கொள்ள வேட்டி தேடினான். கொடியில் இல்லை. பெட்டியில் இல்லை.

"என் துணியெல்லாம் எங்க?"

போர்வையை எடுத்து அவன் முன்னால் விரித்தேன். வேட்டிகள், லுங்கி, நீலச் சட்டை, கல்யாணத்துக்கு என் அப்பா எடுத்துக் கொடுத்த பட்டு அங்கவஸ்திரம் — இந்த வீட்டில் அவனுக்கு இருந்தது எல்லாம் அதற்குள் இருந்தது. மஞ்சள் தையலை மட்டும் மேலே நடுவில் தெரியும்படி வைத்திருந்தேன். விரலால் தடவிப் பார்த்தான்.

"யாரு சொன்னது?"

"உன் வேட்டி."

எட்டு வருஷத்தில் அவனை நான் உன் என்று சொன்னதில்லை.

"வீரலட்சுமி, நா சொல்றதக் கொஞ்சம் —"

"இது எங்கப்பா கட்டுன வீடு. ஓசூர் பஸ்ஸு இன்னும் இருக்குது. புள்ளைக்குக் குளுரும், கெளம்பு."

போட்டிருந்த பேண்ட்டோடு, போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

மாட்டுப் பொங்கல், 1987

வருஷா வருஷம் கம்பெனி டைரி அவன்தான் கொண்டுவருவான். இந்த வருஷம் ஏது? பழைய டைரியில் மிச்சமிருந்த பக்கத்தில் எழுதுகிறேன்.

கேழ்வரகு பரவாயில்லாமல் விளைந்தது. நேற்று ஜெயமணி பொங்கல் கொண்டுவந்து வாசலிலேயே நின்றாள். வாங்கிக்கொண்டேன். நான் தைப்பதைப் பார்த்துவிட்டு, "நூலு கோத்துத் தரட்டாக்கா?" என்றாள்.

"நானே கோத்துக்குவேன்" என்றேன்.

அம்மாவின் பச்சைச் சேலையில் எனக்கே ஒரு போர்வை. உள்ளே யார் துணியை வைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் நான் கட்டிப் பழசான சேலையையே மடித்து வைத்தேன்.

ராத்திரி தைத்து முடித்து, அதைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். குளிரவில்லை.