நூலகத்தில் போட்ட முதல் மேசை

உஷ்டோபே,
மே மாதம்.

அன்பு மகன் அர்காஷாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகமாக இருக்கிறது, நீயும் தென்கொரியாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார், அதனால் நீ இருக்கும் ஆன்சானுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு வால்யாவின் மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு மனத்தாங்கல் இருக்கிறது, எனக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் லீவு போட்டு வந்து அப்பாவுக்கு அறுபதாம் பிறந்தநாளுக்குப் பலகாரம் பரப்பி மேசை போட்டு விழுந்து கும்பிடுகிறேன் என்று நீ ஆசையாகச் சொன்னாய், அவர் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். நீ ஊரைவிட்டுப் போன கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் நினைத்து, நீ போனை வைத்ததும் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு வயது நிறைந்தபோது உன் தாத்தா குடும்பத்தோடு வெளியூரில் குத்தகை வெங்காய வயலில் கிடந்தாராம். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, நாள் தாண்டி, முதல் பிறந்தநாள் மேசை போடாமலே போய்விட்டது. முதல் மேசை காணாதவனுக்கு நம் கொரியர் வழக்கத்தில் அறுபதாம் மேசை ஏது? கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என் அப்பா பெண்ணே கொடுத்திருக்க மாட்டார், மனுஷன் என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. பாவம், பிள்ளை விழுந்து கும்பிட வருகிறேன் என்கிறான், வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். நம் நூலகத்தில் மாதம் ஒரு இனத்தாருக்கு விழா எடுக்கிறார்கள், போன மாதம் ஜெர்மானியர், இந்த மாதம் நாம். நூலகர் ஷோல்பான், கசாக்குப் பெண், கெட்டிக்காரி, ஆட்டம் பாட்டு மட்டும் போதாது, குழந்தையை உட்காரவைத்து நிஜமான முதல் பிறந்தநாள் மேசையே போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வால்யாவின் பேத்திக்கு அன்றுதான் ஒரு வயது நிறைகிறது, அவர்களும் சரி என்றார்கள். உன் அப்பா பசையரிசியை அவித்து இடித்து, பயற்றுப்பொடி தூவி சார்த்தெகி பலகாரம் செய்து கொடுத்தார். வாசிப்பறையில் அரிசி, பயறு, நூல்கண்டு, கத்தரிக்கோல், புத்தகம் எல்லாம் பரப்பியாயிற்று, குழந்தை எதை எடுத்துத் தன் எதிர்காலத்தைக் காட்டப்போகிறதோ என்று பார்க்கக் கூட்டமும் நிறைந்துவிட்டது, அப்போது பார்த்து வால்யா போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டிலேயே சின்னதாகப் போட்டுவிடுகிறோம் என்கிறாள். பரப்பிய மேசையில் நண்பகலுக்குள் யாராவது உட்கார வேண்டும் என்பதல்லவா நம் வழக்கம்! ஷோல்பான் முகம் வாடி, "பொம்மைய உக்கார வைக்கலாமாக்கா?" என்றாள். பாட்டுக் குழு லிதா, "பொம்மைக்கு மேசையா? நல்லா இருக்குடி உன் யோசனை" என்று பாய்ந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, "இன்னும் மேசையில உக்காராத குழந்தை ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "ஏய் ரோஸா, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார். பின்வரிசையில் ஒரு கசாக்குக் கிழவர், "அழாம உக்காருடா கண்ணு!" என்று கத்த, அறையே சிரித்தது. நான் வெங்காய வயல் கதையைச் சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது. ஷோல்பான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கய்யா, இது வேடிக்கைக்கு இல்ல" என்றாள்.

உட்கார்ந்தார் அர்காஷா. "நூலகத்துக்கு வந்துட்டு புத்தகத்த எடுக்காம போகாதீங்க!" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், அவர் நூல்கண்டைத்தான் எடுத்தார், நல்லது, ஆயுசு கெட்டி. கண்ணில் பயற்றுப்பொடி விழுந்துவிட்டது என்றார், நாங்களும் நம்பிவிட்டோம். லிதா விடுவாளா, நாள் தாண்டினால் தாண்டினதுதான், இது செல்லாது என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இன்று நான் எழுதுவதைப் பார்த்துவிட்டார். "அவன வரச்சொல்லு. லிதா என்ன வேணா சொல்லட்டும், நான் உக்காந்தத ஊரே பார்த்துச்சு. எம்புள்ள கும்பிட்டா வாங்கிக்க எனக்கும் பாத்தியத இருக்கு" என்றார்.

லீவுக்கு இன்றைக்கே கேட்டு வை, கடைசி நேரத்தில் முதலாளி கையை விரித்துவிடப் போகிறான். குளிரில் தலையை மூடாமல் வேலைக்குப் போகாதே. நோய்நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழவேண்டும்.

உன் அம்மா,
ரோஸா யுகாய்.

பேனாவைப் பிடுங்குகிறார், கொடுக்கிறேன்.

வாடா.
அப்பா.