சனிக்கிழமை காலியாக இருந்தது

மரக்காணம்,
ஆடி மாதக் கடைசி.

அன்புள்ள மாமாவுக்கு செந்தமிழ் எழுதுவது.

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நம் மகள் சத்யப்ரியா தேறிவிட்டாள். தையல் பிரித்தாகிவிட்டது. இன்று காலை இட்லி வேண்டாமென்று தட்டைத் தள்ளினாள், தோசை கேட்டாள், அதிலும் முறுகல் இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். குறை சொல்லும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். ஏனென்றால் இது சண்டைக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "பாயிண்ட்டுக்கு வா செந்தமிழ்" என்கிறீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். நான் பேசுவது உங்கள் காதில் அணில் கத்துவது போலத்தான் விழுந்திருக்கும். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. கீழ்புத்துப்பட்டு அரசப்பன் அண்ணன் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறார். வடகமும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பும் பையில் இதையும் வைக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று நீங்கள் போனில் அழுதீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் மறுநாள் கேட்டீர்களே ஒரு கேள்வி, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "பாப்பாவுக்கு ரெண்டு மூணு நாளா வலி இருந்திருக்குது. அத ஏன் நீ ஆப்ல போடல? போட்டிருந்தா நான் ஃபாலோ பண்ணியிருப்பேனே" என்றீர்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் தரை முழுக்க ஜனம் படுத்திருந்தது. இல்லாவிட்டால் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அன்றைக்கு லைன் கட்டானது சிக்னல் இல்லாததால் அல்ல. நான்தான் கட் செய்தேன்.

பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பாருங்கள். குடோனில் சூப்பர்வைசர்களுக்கெல்லாம் டிரெயினிங் கொடுத்தார்கள் என்று வந்தீர்கள். "மனசுல எதையும் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது. தோணினத உடனே வெளிய எடுத்து எழுதிடணும். யார் செய்யணும், எப்ப செய்யணும்னு போட்டுட்டா டென்ஷனே இருக்காது" என்று எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னீர்கள். சமையலறைச் சுவரில் கிழமைவாரியாகக் கட்டம் போட்ட வெள்ளைப் பலகை மாட்டினீர்கள். எனக்குப் பச்சை, உங்கள் தம்பி சரவணகுமாருக்கு நீலம், பிரியாவுக்கு ஊதா. எல்லோர் போனிலும் ஆப் ஏற்றினீர்கள். நாள் தவறினால் அந்த வேலை சிவப்பாக மாறும் என்று காட்டினீர்கள். ஆப்பில் வருவதைப் பலகையிலும் எழுத வேண்டும், தவறியதைச் சிவப்பில் எழுத வேண்டும் என்றீர்கள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது. உப்பளத்தில் குனிந்து வாரிக்கொண்டிருக்கும்போது ரேஷன் ஞாபகம் வந்து பதறுவது நின்றது. அத்தையின் முட்டி வலி மாத்திரை தீர்ந்த பிறகு ஓடுவது நின்றது. கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பலகை மேல் எனக்கு இப்போதும் கோபமில்லை.

நீங்கள் ஊருக்குப் போன பிறகுதான் ஆரம்பித்தது. உங்களுக்கு அங்கே பஸ்ஸில் போகும்போது ஒன்று தோன்றும். உடனே போடுவீர்கள். என் போனில் மணி அடிக்கும். பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டு. கேட்டுக்கு வெல்டர் சக்கரபாணியைக் கூப்பிடு. கரண்ட் பில். பிரம்மதேசத்துச் சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கு யார் போவது என்று முடிவு செய். பிரியாவின் கையெழுத்து சரியில்லை, கவனி. மாடித் தொட்டியைக் கழுவிப் படம் எடுத்து அனுப்பு. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பார்ப்பீர்கள், ஏதாவது சிவந்திருந்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புவீர்கள். வேறு ஒரு எழுத்துகூட இருக்காது. வெறும் கேள்விக்குறி. அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் ஆத்திரம் இருக்கிறதே!

மனசிலிருந்து எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும் என்றீர்களே மாமா, நீங்கள் போட்டதெல்லாம் எங்கே வந்து விழுந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? உங்கள் தலை காலியாகிக் காற்றோட்டமாக இருந்தது. என் தலையில் உங்கள் குடோன் வந்து இறங்கியது.

அந்தப் பலகையில் என்ன இல்லை என்பதையும் சொல்கிறேன். சோறு ஆக்குவது அதில் இல்லை. பிரியாவுக்குத் தலை பின்னுவது இல்லை. விடிவதற்குள் எழுந்து உப்பளம் போய், பாத்திக்கு உப்புத் தண்ணீர் பாய்ச்சி, குப்பம்மாளோடு சேர்ந்து உப்பு வாரிக் கரையில் குவித்துவிட்டு வருவது இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் டெய்லி ரொட்டீன், அத போட்டா போர்டு தாங்காது" என்று சிரித்தீர்கள். பலகை தாங்காததை நான் தாங்கினேன். பலகையில் சரவணனின் நீலப் பக்கத்தில் தண்ணீர் கேன் என்று ஒரே ஒரு வரி. ஏன் என்று கேட்டதற்கு, "அவன் வேலைக்குப் போறவன்" என்றீர்கள். திண்டிவனத்து மொபைல் கடையில் மின்விசிறிக்குக் கீழே அவன் உட்கார்ந்திருப்பது வேலை, ஆடி வெயிலில் நான் நிற்பது என்னவாம்?

இனி அந்த வாரம் நடந்தது. நீங்கள் போனில் கேட்டது பாதிதான்.

திங்கட்கிழமையே பிரியாவுக்கு வயிற்று வலி வந்திருக்கிறது. சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு காதில் போனை வைத்துச் சக்கரபாணியிடம் கேட் விஷயமாகக் கத்திக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நீங்கள் அன்று காலையிலும் மாலையிலும் கேள்விக்குறி அனுப்பியிருந்தீர்கள். என்னம்மா என்று கையால் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். வலியோடேயே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே தோழிகளுக்குக் கொடுத்துவிட்டுக் காலியாகக் கொண்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. குவித்த உப்பை மூடத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பிள்ளை வகுப்பில் சுருண்டு விழுந்துவிட்டாள், உடனே வாங்க என்றார்கள். தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு, காலில் சேறோடு ஓடினேன். முதலில் இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஈசிஆர் ரோடு முழுக்க மழை. பிள்ளை என் சேலையைப் பிடித்த பிடியை விடவில்லை. வழியெல்லாம் என் இடுப்பில் போன் அடித்துக்கொண்டே வந்தது. உங்களாக இருக்குமென்று எடுத்துப் பார்த்தேன். தொட்டி படம் பாக்கி என்று ஆப் சொல்லிற்று.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது, இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர் அம்மா. எத்தனை நாளாக வலி என்று பிள்ளையைக் கேட்டார். அவள் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு அனுப்ப ஏதாவது ஆப் இருந்தால் சொல்லுங்கள்.

மயக்கம் தெளிந்த பிறகு, ஏன்டி அம்மாகிட்ட சொல்லல என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

"போர்டுல உன் பக்கம் ஃபுல்லா இருந்துச்சும்மா. நெறைய செவப்பா வேற இருந்துச்சு. சனிக்கிழமை மட்டும் காலியா இருந்துச்சு. அன்னைக்கு சொல்லலாம்னு இருந்தேன்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் வயிற்று வலிக்கு அம்மாவிடம் காலியான கிழமை தேடியிருக்கிறது. இதற்கு மறுநாள்தான் நீங்கள், ஏன் ஆப்பில் போடவில்லை என்று கேட்டீர்கள்.

உப்பு என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். குப்பம்மாள் ஒருத்தியால் முடிந்தவரை மூடினாள், மீதி கரைந்துவிட்டது. சரவணன் மழையில் அங்கே போய் நின்றுகொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் எனக்குப் போன் செய்து, "அண்ணி, இன்னொரு தார்ப்பாய் எங்க இருக்குது?" என்று கேட்டான். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருப்பவன்.

வீடு திரும்பியதும் நான் பலகையைக் கழற்றி எறிவேன் என்று அத்தை பயந்துகொண்டிருந்தார்கள். நான் எறியவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நான் செய்கிற அத்தனையையும் எழுத ஆரம்பித்தேன். தலை பின்னுவதிலிருந்து, பால் பொங்காமல் பார்ப்பதுவரை. பாதியிலேயே இடம் தீர்ந்துவிட்டது. சுவரில் எழுதினேன். சரவணன் பின்னால் வந்து நின்று படித்தான். "இவ்ளோவா அண்ணி?" என்றான். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "காய்கறி அரியறது, துணி மடிக்கறது, கீரை ஆயறது என் பேருல போடு. கால்தான் வலிக்குது, கை நல்லாத்தான் இருக்குது" என்றார்கள்.

சரவணனுக்குத் தார்ப்பாய், கேஸ், ரேஷன், அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. ஒத்துக்கொண்டான். முதல் வாரமே கேஸ் புக் செய்ய மறந்தான். எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் பின்பக்கம் விறகு அடுப்பில் சமைத்தோம், ஊதுகிற வேலை அவனுக்கு. "ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாமே அண்ணி" என்று கண்ணைக் கசக்கினான். ஞாபகம் வைப்பதும் வேலைதான் தம்பி, அதையும் சேர்த்துத்தான் உனக்குக் கொடுத்தேன் என்றேன். அதற்குப் பிறகு மறக்கவில்லை.

உங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கரண்ட் பில், இன்சூரன்ஸ், பிரியாவின் டியூஷன் டீச்சரோடு பேசுவது, சக்கரபாணியோடு மல்லுக்கட்டுவது, வளைகாப்புக்குச் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது. இதில் எதற்கு நீங்கள் மரக்காணத்தில் இருக்க வேண்டும், சொல்லுங்கள்? எல்லாம் போனில் நடக்கிற காரியம். உங்கள் கையிலும் போன்தானே இருக்கிறது? என்னிடம் போடுகிற நேரத்தில் நீங்களே முடித்திருக்கலாம். உங்களுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் எனக்கு எரிகிறது.

ஆப்பை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். பிரியாவின் ஊதாவையும் எடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் ஒருவர் பேரில் இன்னொருவர் வேலை எழுதுவதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டும். முடியாது என்று சொல்லவும் உரிமை உண்டு. கேள்விக்குறி மட்டும் அனுப்பினால் பதில் வராது.

நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அத்தனை தூரத்தில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று தவிக்கிறீர்கள். வேலை எழுதினால் வீட்டில் இருப்பது போல உங்களுக்குத் தோன்றுகிறது என்று எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீங்கள் பேசும்போதெல்லாம் பிரியா தூங்குகிறாள் என்று நான் சொல்லி வருகிறேன். அவள் தூங்கவில்லை மாமா. உங்கள் பெயர் போனில் வந்ததும், தூங்கறேன்னு சொல்லிடும்மா என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால், "அப்பா எதாவது கேப்பாரு, நான் எதையுமே முடிக்கல" என்கிறாள்.

அவளைக் கூப்பிடுங்கள். மார்க் என்ன, மாத்திரை போட்டாயா, பாடம் முடித்தாயா என்று எதுவும் வேண்டாம். முதல் தடவை எடுக்க மாட்டாள், மறுபடி கூப்பிடுங்கள். அங்கே மழை பெய்கிறதா, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள் என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். அவள் பேசாவிட்டாலும் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். போனை அவள் தலையணையில் வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலி ஏதாவது இருந்தால், எந்தக் கிழமையானாலும், என்னிடம் சொல்லுங்கள்.

உங்கள்
செந்தமிழ்