சோற்றுக்கு எதற்குத் துண்டு?

அலமாரியைத் திறந்ததும் உங்கள் துண்டின் வாசம்தான் முதலில் வந்தது பாய். நீங்கள் கண்மூடியபின் உங்கள் வீட்டம்மா அதை என்னிடம் கொடுத்தார்; எத்தனை முறை துவைத்துவிட்டேன், புகை போட்ட மலைப்பூண்டு நெடி போகவே மாட்டேன் என்கிறது. நீங்கள் வராத பூண்டுப் பருவம் எனக்குப் பிடிக்கவில்லை.

கொடைக்கானல் கடைத்தெருவிலிருந்து பூண்டு வாங்க நீங்கள் வந்தாலே எங்கள் பூண்டி ஊர் பரபரக்கும். துண்டுக்கு அடியில் விவசாயியின் விரலைப் பிடித்து நீங்கள் பேசுகிற விலை பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. "இதென்ன திருட்டுத்தனம்?" என்று நான் கேட்டால், "டீச்சரம்மா, இது எங்க தொழிலுங்க" என்று சிரிப்பீர்கள்.

பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தொடரலாமா என்று பார்க்க அதிகாரி வந்த நாளை மறக்க முடியுமா? அன்று சாப்பிட வந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். காரணம் சொல்லக்கூட விடாமல் அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, ஊர்ப் பெரிய மனிதர்களோடு கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடு நின்றால் பாதிப் பிள்ளைகள் பள்ளிப்பக்கமே வரமாட்டார்கள். அழுகையும் ஆத்திரமுமாக உங்களிடம் ஓடிவந்தேன். பூண்டு மூட்டைகளுக்கு நடுவே நீங்கள் விலை பேசிக்கொண்டிருந்தீர்கள்.

துண்டுக்குள் பிடித்த கையைப் பாதியில் விடுவது உங்கள் தொழிலில் பெரிய அவமரியாதை. விட்டீர்கள். நேரே போய்க் கதவைத் தட்டினீர்கள்.

"ஐயா, பூண்டு வெலையத் துண்டுக்குள்ள பேசலாம். புள்ளைங்க சோத்துக்கு எதுக்குங்க துண்டு? வெளிய வந்து எல்லாரையும் கேளுங்க."

முகம் கடுகடுத்தாலும் அவர் வந்தார். "பிள்ளைகள் குறைவு, அதனால் நிறுத்த யோசனை" என்றார். அவ்வளவுதான், பூண்டுக் கட்டோடு நின்ற ஒரு தாய் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பூண்டு புடுங்குற நேரத்துல வந்து பாத்தா எப்பிடிங்க? புள்ளைங்கல்லாம் எங்ககூடக் காட்டுல கெடக்குதுக. இந்தச் சோலி முடியட்டும், அப்புறம் வந்து பாருங்க!"

அதிகாரிக்கு இது யாரும் சொல்லாத செய்தி. பூண்டு வேலை முடிந்ததும் மறுபடி வந்தார். இந்த முறை தெருவில் நின்றே விசாரித்தார். சாப்பாடு நிற்கவில்லை. நீங்கள் பாதியில் விட்ட மூட்டைகள் வேறு வியாபாரிக்குப் போயின. அதைச் சொல்லிச் சொல்லியே என்னை எவ்வளவு சீண்டினீர்கள்!

இன்று காலை ஒரு புது அதிகாரி வந்தார். அதே சாப்பாடு, அதே விசாரணை. "உள்ளே உட்கார்ந்து பேசலாமா டீச்சர்?" என்றார். நான் பெஞ்சை முற்றத்தில் இழுத்துப்போட்டு, தாய்மாரை அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினேன். பெஞ்செல்லாம் பனி ஈரம். உங்கள் துண்டால் துடைத்துவிட்டு, "இங்கேயே உட்காருங்கள் சார்" என்றேன்.