அவள் விட்டுக்கொடுத்த முதலிடம்

ஞாயிறு இரவு, பிரிக்பீல்ட்ஸ்.

கிள்ளானிலிருந்து மகள் கவிதா தனியாக வந்தாள். எங்கள் இருவருக்கும் பிடித்த ராக் குழுவின் சிறந்த பாடல்களை வழக்கம்போல் வரிசைப்படுத்தினோம். முதலிடத்துக்கு எப்போதும் சண்டைதான். தனக்குப் பிடித்த டிரம்ஸ் பாட்டை விட்டுத்தரவே மாட்டாள். இன்றோ, "உங்க பாட்டே ஃபர்ஸ்ட்டா இருக்கட்டும்லா, அப்பா" என்றாள்.

ஆசிரியரான எனக்குத் தெரியும்: வகுப்பில் வாயாடிப் பிள்ளை திடீரென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், வீட்டில் ஏதோ நடந்திருக்கும்.

"மாப்பிள்ளை வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"ஓவர்டைம்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆபீஸ் மூடியிருக்குமே!

அவள் போன பிறகு சீண்டிப் பார்த்தேன். டிரம்ஸ் பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு, திட்டு வரும் என்று காத்திருந்தேன். "ஓகேப்பா" என்று மட்டும் வந்தது.

காலை ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். சொல்லாமல்தான் போக வேண்டும்.