கவிழ்த்து வைத்த அஞ்சறைப்பெட்டி

எந்நேரமும் அண்ணாந்து பார்க்கிற என் கோமதிக்கு,

நீ கேட்ட கூரை நம் கூடத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் கூரை வேலை செய்த டில்லிபாபு கடைசிப் பூச்சை முடித்து, ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஏன் ஒரு வாரம் ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வேலப்பன்சாவடி கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், நீ மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டமும் உள்ளே குழிந்து, ஓரத்தில் மஞ்சள் வெளிச்சத்தோடு இருந்தது. "அஞ்சறைப்பெட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு பாருங்க மாமா" என்றாய். உன் அட்சதை கடைசிவரை உன் கையிலேயே இருந்தது. அதற்கு காஃபர் சீலிங் என்று பெயராம், டில்லிபாபு சொன்னார். எனக்கு நீ வைத்த பெயர்தான் வாயில் வருகிறது.

ஆவடி குவார்ட்டர்ஸில் மூன்று வீடு மாறினோம். மூன்றிலும் ஒரே வெள்ளையடித்த மொட்டைக் கூரை. ஓர் ஆணி அடிக்கக்கூட எழுதிக் கேட்க வேண்டும். "நமக்குன்னு ஒண்ணு வரட்டும், பாத்துக்கலாம்" என்பாய். பாரிவாக்கத்தில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்ததும் நீ முதலில் கேட்டது அந்தக் கூரையைத்தான்.

நான் என்ன செய்தேன்? டேப்பை எடுத்து உயரத்தை அளந்தேன். முக்கால் அடி இறங்கிவிடும், கட்டத்துக்குக் கட்டம் ஒட்டடை சேரும், பல்லி குடித்தனம் நடத்தும் என்று காரணங்களை அடுக்கினேன். ஒரு நூல் பிசகினாலும் உதிரி பாகத்தை ஒதுக்கித் தள்ளுவதுதானே முப்பது வருஷமாக என் வேலை. உன் ஆசையையும் அதே மேஜையில் வைத்து ஒதுக்கிவிட்டேன். "சரி, விடுங்க" என்று நீ சமையல்கட்டுக்குப் போய்விட்டாய். சண்டை போட்டிருக்கலாம் நீ.

அப்புறம் உன் முதுகில் அந்த நோய் வந்தது. சக்கரம் வைத்த கட்டிலை வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் போட்டோம். பால்கனி தெற்கே இருப்பதால் பால்கனிப் பக்கம் உன் தலை, எதிரே சமையல்கட்டுச் சுவர். "இப்படியே திருப்பிப் போடுங்களேன், ரோட்டையாவது பாத்துட்டுக் கிடக்கிறேன்" என்றாய். திருப்பினால் தலை வடக்கே போய்விடும். உடம்பு நன்றாக இருப்பவர்களே வடக்கே தலை வைக்க மாட்டார்கள், இந்த நிலைமையில் நீ வைக்கலாமா என்று சத்தம் போட்டேன். பயம், கோமதி. அதைப் பயம் என்று சொல்லத் தெரியாமல் சத்தம் போட்டேன்.

இன்னொரு நாள், "ஒரு நிமிஷம் இங்க பக்கத்துல படுத்து மேல பாருங்க மாமா. எவ்ளோ வெறிச்சுனு இருக்குன்னு தெரியும்" என்றாய். மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று தண்ணீர் எடுக்கப் போனேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் உனக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை.

உன் காரியம் முடிந்து கட்டிலைத் திருப்பி அனுப்பிய பிறகு, தரையில் நான்கு சக்கரத் தடம் இருந்தது. பக்கத்தில் அரைவட்டமாக ஒரு கீறல். கட்டிலை வெளியே எடுத்தபோது இழுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தடத்தை யாரையும் துடைக்க விடவில்லை. அதை வைத்துத்தான் இந்தக் கூரை வேலையை ஆரம்பித்தேன். உன் தலையணை இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஒரு முழுக் கட்டம் வர வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

அளக்கும்போது டேப்பின் மறுமுனையை எப்போதும் நீதான் பிடிப்பாய். இந்த முறை அதன் மேல் அரிசி டப்பாவைத் தூக்கி வைத்தேன். ஏழடி மூன்றங்குலம் என்று வாய்விட்டுச் சொன்னேன். திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. சரியாகத்தான் படித்தேனா என்று நானே மறுபடி குனிந்து பார்த்தேன்.

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சார் நீ, கட்டத்த ரூம்புக்கு நடுவுலேந்து புடிக்கணும் சார். அப்பதான் ரெண்டாண்டயும் சமமா வரும். நீ சொல்றாப்ல அடிச்சா அந்தாண்ட செவுத்துல பாதிக் கட்டந்தான் கீது. பாக்குறவன் என்னியதான் காறித் துப்புவான்."

"பரவாயில்லை, அடிங்க" என்றேன்.

"ஃபேனு கட்டத்துக்கு நடுவுல வராது சார். சட்டத்து மேல வந்து குந்திக்கும்."

"குந்தட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யாருக்காக என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர், பட்டி பார்த்துத் தேய்க்கும் வேலையைக்கூட ஆட்களிடம் விடாமல் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் தானே செய்தார்.

புனேயிலிருந்து நம் கவிதா வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, எல்லாம் ஒரு பக்கமா தள்ளி இருக்கு. நீங்களா இத பாஸ் பண்ணீங்க?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். முப்பது வருஷத்தில் தெரிந்தே ஒரு கோணலைப் பாஸ் செய்தது இது ஒன்றுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மதியம் சரளா வந்தாள். உன்னைப் பார்த்துக்கொண்ட அதே சரளாதான். விளக்கைப் போட்டுக் காட்டி, அம்மா தலைக்கு நேர் மேலே வைத்திருக்கிறேன் என்றேன். அவள் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"ஐயா, அம்மா தல இங்க எங்க இருந்துச்சு? சாயங்காலம் நீங்க பையத் தூக்கிகினு கடைக்குப் போனதும், 'சரளா, திருப்பு'ன்னுவாங்க. கட்டில ஒரு சுத்து சுத்தி அந்தாண்ட தல வெச்சு, முதுவ கொஞ்சம் தூக்கி உடுவேன். ரோட்டயே பாத்துகினு இருப்பாங்க."

"ரோட்டுல என்ன இருக்கு பார்க்க?"

"உங்களத்தான். டீக்கட முனையில உங்க பை தெரிஞ்சதும், 'வந்துட்டாரு, திருப்பு திருப்பு'ன்னு ஒரே சிரிப்பு. நீங்க படி ஏறி வரதுக்குள்ள பழையபடி வெச்சிருவோம். உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாங்க."

எத்தனை நாள் என்று கேட்டேன். "தினிக்கும்தான் ஐயா" என்றாள்.

அந்த அரைவட்டக் கீறல் என் கண் முன்னால்தான் இருந்தது. ஒரு நூல் பிசகைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, தினமும் ஒரு கட்டில் திரும்பித் திரும்பி வந்தது தெரியவில்லை. நான் கடைக்குப் போய்வரும் அந்த ஒரு மணி நேரம் நீ கூரையைப் பார்க்கவே இல்லை. இத்தனை பாடுபட்டு நான் வைத்த முழுக் கட்டம் உன் காலுக்கு மேலே இருக்கிறது.

சரளா போன பிறகு உள்ளறையிலிருந்து என் கட்டிலைத் தனியாக இழுத்து வந்து போட்டேன். வடக்கே தலை. முதுகுக்கு இரண்டு தலையணை. பால்கனிக் கம்பிக்கு வெளியே டீக்கடை முனை தெளிவாகத் தெரிந்தது. லாரி திரும்பியது, கல்லூரி பஸ் திரும்பியது, பை தூக்கிய யார் யாரோ வந்தார்கள். இருட்டும்வரை பார்த்தேன். நீ எதிர்பார்த்த ஆள் இங்கே படுத்திருக்கிறான், அங்கே யார் வருவார்கள்? ரொம்பத் தனியாக இருக்கிறது, கோமதி. இதைக் கவிதாவிடம் சொல்லவில்லை. இதற்குத்தான் ஒரு வாரம் ஆனது.

கூரையைப் பிரித்து நேராகச் செய்யலாம் என்கிறாள் கவிதா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது உனக்கு நான் செய்த தப்பு, என்னோடு இருக்கட்டும். கட்டிலும் வடக்கே தலை வைத்தபடியே கிடக்கும், யார் என்ன சொன்னாலும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் சாயங்காலம் பையோடு டீக்கடை முனை திரும்பினால், தரையைப் பார்த்துக்கொண்டு நடக்க மாட்டேன். அண்ணாந்து நம் பால்கனியைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, படியை மெதுவாகத்தான் ஏறுவேன். கட்டிலைத் திருப்ப உனக்கு நேரம் வேண்டுமே.

முனை திரும்பி வந்துகொண்டிருக்கும்,
உன் மாமா