சந்தனம் காய்ந்த படம்

வில்லாபுரம், மதுரை
3.8.2025, ஞாயிறு

இதனால் வில்லாபுரம் மற்றும் அதன் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும், குறிப்பாக மொட்டைத்தலை ரெக்ரூட் திரு. ஜெயபாண்டி அவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் பீமாராவ் பெரியப்பாவின் இரும்புப் பீரோவில், கம்பளிகளுக்கு அடியிலிருந்து பாக்கெட் கேமரா ஒன்று உயிருடன் மீட்கப்பட்டது. நீளம் ஒரு குளியல் சோப்பு. எடை அரை சோப்பு. சார்ஜ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, மூக்கை நீட்டி, என்னைப் பார்த்தது.

மாப்ள, நலமா? பட்டாளத்து ட்ரெய்னிங்கில் உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் நானும் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதிலேயே எனக்குப் பாதி மார்க்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், நீ என்னிடம் விட்டுப்போன பதினாலு வயதுக் கிழட்டு டி.எஸ்.எல்.ஆருக்கு இன்றோடு ஓய்வு. அந்த நாலெழுத்துக்கு விரிவாக்கம் கண்டுபிடித்துவிட்டேன்: தோள் சுளுக்கினால் லேசில் ரெடியாகாது. உன்னுடையது கேமரா இல்லை மாப்ள, கிரைண்டர். பிடியில் உரிந்த ரப்பரை சைக்கிள் பஞ்சர் பசை போட்டு ஒட்டியிருக்கிறாயே, அது ஒன்றுதான் அதில் புதுசு.

முறைப்படி சோதனையும் நடத்தினேன். இரண்டையும் தெப்பக்குளத்துக்குக் கொண்டுபோனேன். உன் கிரைண்டரைத் தூக்கியதும் சுண்டல் விற்கும் அண்ணன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, "எந்தப் பேப்பர் தம்பி? ஞாயித்துக்கிழமை வருமா?" என்றார். அப்புறம் அவர் சிரிக்கவே இல்லை, ரேஷன் கார்டு முகம். சோப்பு கேமராவை நீட்டினேன், ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் இயல்பாக இருந்தார்கள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மேல்முறையீடு இருந்தால் தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
சோப்புப் படைத் தளபதி,
ஹரிராம்

*

ட்ரெய்னிங் சென்டர்
12.8.2025

மாப்ள ஹரிக்கு,

உன் கடிதத்தை பேரக்கில் கூடத் தங்கியிருக்கும் ரெண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு காரியம் சொல்கிறேன், இதில் மட்டும் விளையாடாதே.

வருகிற 31ஆம் தேதி தாமரை அக்கா மகன் சோணைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். பேரையூர் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில். நான் ஒருத்தன்தான் தாய்மாமன். என் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். லீவ் கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். சித்தப்பா மகன் முத்திருளன் எனக்குப் பதிலாக மடி கொடுக்கிறான்.

அது கூடப் பரவாயில்லை. அக்கா புருஷன் நல்லகாமன் மச்சானை உனக்குத் தெரியும். அவருடைய தீவனக் கடையைப் பாதி எனக்கு விட்டுத்தருவதாகச் சொல்லியிருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே ஓடிவந்துவிட்டேன். அந்தக் கோபம். லீவ் இல்லை என்று தெரிந்ததும், "மடி குடுக்க வராதவன்லாம் என்னத்த மாமன்? நான் அந்தப் பந்தல்ல நிக்க மாட்டேன், நீங்களே குத்திக்கங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

ஊசி இறங்கும்போது பெற்ற அப்பன் பின்னால் நின்று பிள்ளை தலையைப் பிடிப்பது எங்கள் வழக்கம். மச்சான் நின்றால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். நிற்காவிட்டால், என்னை அறுத்துவிட்டார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிடம் போன் தருவார்கள். அம்மாவும் அக்காவும் வீடே தீப்பிடித்து எரிந்தாலும் "எல்லாம் நல்லாருக்குய்யா" என்றுதான் சொல்வார்கள். மச்சான் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். ஊசி இறங்கும் நேரத்தில் ஒரே ஒரு படம். என் கேமராவில்.

ஏன் அதில் என்றால், சோப்பு அமுக்கினதும் யோசிக்கும். பிள்ளை அழுது முடித்த பிறகு எடுக்கும். என்னுடையது கிழடுதான், ஆனால் அமுக்கின நொடியில் எடுக்கும். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

ஜெயபாண்டி

*

வில்லாபுரம்
20.8.2025

மேன்மை தங்கிய தாய்மாமன் அவர்களுக்கு,

உத்தரவு. இரண்டு கேமராவும் வரும். கழுத்தில் கிரைண்டர், கையில் சோப்பு. எங்கள் ஹம்சவேணி அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் படமே நான் எடுத்ததுதான் (போட்டோகிராபர் சாப்பிடப் போயிருந்தார்). சோணையின் காதில் ஓட்டை விழுவதற்குள் ஊசியின் நிழலையே பிடித்துத் தருகிறேன். நீ அங்கே லெஃப்ட் ரைட்டை மட்டும் மாற்றிப் போடாமல் பார்த்துக்கொள்.

ஹரி

*

வில்லாபுரம்
4.9.2025

அன்பு மாப்ள,

வெற்றி! வெற்றி! வெற்றி!

நூத்தி நாப்பத்து மூணு படம். பத்தைக் கழுவி இத்துடன் வைத்திருக்கிறேன். காலையில் ஏழு மணிக்கே பேரையூரில் இறங்கிவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்ததும், "இம்புட்டு ஒல்லியாவா இருப்ப? ஒங்க வீட்ல சோறு போடுறாகளா இல்லையா?" என்று கேட்டு என் இலையில் மூன்று தடவை பொங்கல் வைத்தார்கள். இரண்டாம் படத்தில் என் கன்னத்தில் இருப்பது பொங்கல்தான்.

சோணைக்கு மொட்டை போடும்போது, "எங்க மாமா மொட்டையா, என் மொட்டையா, எது பெருசு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நாலாவது படம் அது. ஏழாவதில் ஆட்டுக்கிடா உன் சித்தப்பாவின் துண்டைத் தின்கிறது. எல்லாம் சோப்பு கேமராவின் கைவண்ணம். என்ன நிறம் பார்த்தாயா! தீர்ப்பு உறுதி செய்யப்பட்டது.

பத்தாவது படம்தான் நீ கேட்டது. ஊசி, காது, ஆசாரி, முத்திருளன் மடி எல்லாம் இருக்கிறது. தெளிவாகவும் இருக்கிறது. இனி இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. கழுத்தில் தொங்கிய உன் கிரைண்டருக்கும் ஊர் சுற்றிய திருப்தி.

அங்கே சாப்பாடு எப்படி? சப்பாத்தி வட்டமாக இருக்கிறதா?

இப்படிக்கு,
பரிசு எதுவும் எதிர்பார்க்காத,
ஹரிராம்

*

ட்ரெய்னிங் சென்டர்
14.9.2025

ஹரிக்கு,

பத்தாவது படத்தில் மச்சான் இல்லை. சோணை தலைக்குப் பின்னால் கோயில் சுவர்தான் இருக்கிறது.

மூன்று நாள் அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பரேடு போனேன். டிசம்பரில் பத்து நாள் லீவ் தருகிறார்கள். இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஊருக்கு வந்தால் அக்கா வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. மிதித்தால் மச்சான் எழுந்து வெளியே போவார். அதை அக்கா பார்க்க வேண்டாம்.

நேற்று துணி துவைக்கும்போது படத்தை எடுத்துக் கல்மேல் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அஞ்சாவது, ஆறாவது படத்தில் சோணையின் மொட்டையில் சந்தனம் ஈரமாக வழிகிறது. பத்தாவதில் அதே சந்தனம் காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்துவிட்டது. மொட்டை போட்டுப் பத்து நிமிடத்தில் காது குத்துவார்கள். அது எப்படி அதற்குள் காயும்? எங்கள் கோயில் கிழக்கே பார்த்தது. காலை வெயிலில் ஆசாரியின் நிழல் கோயில் பக்கம் விழ வேண்டும். உன் படத்தில் எதிர்ப்பக்கம் விழுகிறது. காதில் கடுக்கன் மினுங்குகிறது, ஆசாரி விரலை வைத்து மறைக்கிறார்.

இது சாயங்காலம் எடுத்த படம். நடிக்க வைத்து எடுத்திருக்கிறாய்.

எதை மறைக்க? மச்சான் நிற்கவில்லை என்பதைத்தானே? இல்லை, அங்கே சண்டை நடந்ததா? அக்காவும் உன்னுடன் கூட்டா? ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் சைக்கிளில் நீ காற்றைப் பிடுங்கியபோது உன்னோடு சேர்ந்து அடி வாங்கியவன் நான். அது விளையாட்டு. இது என் அக்கா வீடு.

உண்மையை எழுது. எழுத முடியாதென்றால் இனி எழுதவே வேண்டாம். கேமராவை அம்மாவிடம் கொடுத்துவிடு.

ஜெயபாண்டி

*

வில்லாபுரம்
20.9.2025, ஸ்பீடு போஸ்ட்

ஜெயபாண்டி,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் ஜோக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். சோப்பு கேமராவில் இருந்த கார்டு கெட்டுப்போயிருந்தது. உன் கேமராவிலிருந்து கார்டை உருவி அதில் போட்டேன். புதுக் கார்டு ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் சோப்புதான் ஜெயிக்கப்போகிறது, கிரைண்டருக்கு எதற்குக் கார்டு என்று நினைத்தேன். உன் கேமராவை வெறும் வயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன், பந்தாவுக்கு.

இடது காது குத்தும்போது சோப்பை நீட்டினேன். நீ சொன்ன மாதிரியே யோசித்தது. ஆரஞ்சு விளக்கு மினுக் மினுக் என்றது. 'டிக்' என்றபோது படத்தில் இருந்தது ஆசாரியின் முதுகு. அதற்குள் வலது காதுக்கு ஊசி போகிறது. சோப்பை விட்டுவிட்டு, கழுத்திலிருந்த உன் கேமராவைத் தூக்கி அமுக்கினேன். டக். அந்த நொடியே எடுத்துவிட்டது.

திரையில் படம் வந்தது. இரண்டு மூன்று விநாடி பார்த்திருப்பேன். மூலையில் சின்னதாக 'டெமோ' என்று இருந்தது. ஏதோ மோடு போல என்று நினைத்துக்கொண்டேன். திரை அணைந்தது. மறுபடி பார்க்க பட்டனை அமுக்கினால் கார்டு இல்லை என்கிறது. எடுத்துக் காட்டும் மாப்ள, வைத்துக்கொள்ளாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் "தம்பி, நல்லா விழுந்துருச்சா?" என்று கேட்டார்கள், நானும் "சூப்பரா விழுந்துருக்குண்ணே" என்றேன். சாயங்காலம் ஆசாரி கிளம்பும் நேரத்தில் அவரைப் பிடித்து, இன்னொரு போஸ் என்று கெஞ்சினேன். சோணைக்கு ஒரு சாக்கோபார் லஞ்சம். அக்கா அடுப்படியில் இருந்தது, அதற்கு இன்றுவரை எதுவும் தெரியாது. மச்சான் அப்போது வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். அதனால்தான் பின்னால் வெறும் சுவர்.

இப்போது அந்த இரண்டு விநாடியைச் சொல்கிறேன். முத்திருளன் மடியில் சோணை. அவன் அழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு ஆசாரி மீசையைப் பார்க்கிறான். அவன் மொட்டையை ஒட்டி இரண்டு பெரிய கை, விரலிடுக்கில் எல்லாம் ஈரச் சந்தனம். மச்சான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அவருக்கே குத்தின மாதிரி நிற்கிறார். பின்னால் ஆட்கள், பந்தல் எல்லாம் மங்கிப்போய், இந்த நாலு பேர் மட்டும் அவ்வளவு தெளிவு. காலையில் பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவராகவே எழுந்து வந்தார். இதை அப்போதே எழுதியிருந்தால் அனுப்பின படம் பொய் என்று தெரிந்துவிடும், அதனால் விழுங்கிவிட்டேன்.

பொய்ப்படம் அனுப்பினவன் வாயை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் நேற்று பஸ் ஏறிப் பேரையூர் போய், தீவனக் கடையில் மச்சானிடமே எல்லாவற்றையும் சொல்லி, உனக்கு ரெண்டு வரி எழுதச் சொன்னேன். தவிட்டு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"நான் என் மகன் தலையப் புடிச்சேன். அதுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போடணுமாக்கும்? போடா, போய் வேலையப் பாரு."

நான் படி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து, "ஏலே, வில்லாபுரத்தான்! அங்கிட்டு டிசம்பர்ல ரொம்பக் குளிருமாடா? அவனுக்குச் சளி புடிக்குமேடா" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாட்டி எழுதிக் கேளு" என்றார். கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே, கடைக்கு நேராக எழுது. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கெடுத்ததால் வராமல் இருந்துவிடாதே, அவ்வளவுதான்.

கேமராவைத் துடைத்து, கார்டைப் போட்டு, இன்றைக்கே உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. வலது காதில் ஊசி இறங்கியபோது நானும் கண்ணை மூடிக்கொண்டேன் மாப்ள. ரத்தம் என்றால் எனக்கு ஆகாது. குத்துமதிப்பாக நீட்டி அமுக்கினேன். அந்தப் படத்தில் என் சாமர்த்தியம் ஒன்றுமே இல்லை, எடுத்தது உன் கேமராதான்.

ஹரி