பகலில் வரும் நரி

சீகின், டெக்சஸ்
18 ஜனவரி 2025

ஏனுங்க,

நானும் மானஸாவும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். மானஸா நலம். நான் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவர் குரலும் ஏறிவிடுகிறது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். இனி மெயிலில் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது ஒருவகையில் நல்லதுதான். எழுதும்போது என்னால் கத்த முடிவதில்லை.

நேற்று மதியம் மூன்றரை மணி. வெயில் பளீரென்று அடிக்கிறது. ஸ்கூல் பஸ் நம் கேட்டில் வந்து நின்றது. கேட்டிலிருந்து வீடு முந்நூறு அடி இருக்குமா? நான் வாசற்படியில் நிற்கிறேன், மானஸா பையை மாட்டிக்கொண்டு இறங்குகிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில், பாதை மேலேயே, ஒரு கயோட்டி. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு வாயில் நரி என்றுதான் வருகிறது. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சின்னது. அது ஓடவில்லை. என்னை ஒருமுறை பார்த்தது, குழந்தையை ஒருமுறை பார்த்தது. என் கால் மண்ணில் நட்டதுபோல நின்றுவிட்டது. பஸ் ஓட்டும் ட்ரேசிதான் குதித்து இறங்கி, கையைத் தட்டிக் கத்தி அதைத் துரத்தினாள். "மம்மி, இட் வாஸ் ஜஸ்ட் லுக்கிங் அட் மீ" என்கிறாள் உங்கள் மகள், ஒன்றுமே நடக்காததுபோல.

இந்த மாதம் மூன்று ஆட்டுக்குட்டி போய்விட்டது. மூன்றும் பட்டப்பகலில். கரண்ட் வேலிக்கு அடியில் தோண்டி வருகிறது. ஆடு வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்தில் இதைச் சுடலாம், சட்டத்தில் தடை இல்லை என்கிறாள் ட்ரேசி. அவள் வீட்டில் எல்லோரும் சுடுவார்களாம்.

ஒரு மிக்சி வாங்கப் பதினெட்டு ரிவ்யூ படித்தவர் நீங்கள். பகல் வேட்டைக்கு என்ன ரைஃபிள், என்ன ஸ்கோப், என்ன உடுப்பு வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

வான்மதி


சன்னிவேல், கலிபோர்னியா
23 ஜனவரி 2025

அன்பு வான்மதிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் போகும்போது படித்தேன். மில்பிடாஸில் இறங்க மறந்துவிட்டேன்.

குழந்தையை இனி கேட்டுக்கே போய்க் காரில் கூட்டிக்கொண்டு வா. ஒருநாள்கூட நடக்க விடாதே. பொறி வைக்கிற ஆட்கள் இருப்பார்கள், கவுன்டி ஆபீஸில் கேள். பெரிய காவல் நாய் இரண்டு வாங்கு. எதுவும் ஆகாதென்றால் ஆடுகளை விற்றுவிடு. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். ஒரே பெட்ரூம்தான், சமாளிக்கலாம்.

துப்பாக்கி மட்டும் வேண்டாம். இதில் என்னிடம் காரணம் கேட்காதே. அது அந்த வீட்டுக்குள் வந்தால் நான் அந்த வீட்டுக்குள் வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை வான்மதி.

சபரி


சீகின்
29 ஜனவரி 2025

ஏனுங்க,

நாலாவது குட்டியும் போயிற்று. காதில் வெள்ளைத் திட்டு இருக்குமே, மானஸா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் பட்டிக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வருகிறாள்.

நான் வாங்கிவிட்டேன்.

ட்ரேசியோடு நேற்று டவுனில் கடைக்குப் போனேன். நம் மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்கியிருப்பதுபோல அங்கே துப்பாக்கி. கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "ஃபார் யுவர் ஹஸ்பண்ட்?" என்றார். "நோ, ஃபார் மை கோட்ஸ்" என்றேன். ட்ரேசி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரீன் கார்டைக் காட்டி, படிவம் நிரப்பி, அவர்கள் எங்கேயோ போன் பண்ணிச் சரிபார்த்துக் கொடுத்தார்கள்.

தோளில் அதிகம் உதைக்காத ரைஃபிள்தான். கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஸ்கோப்பில், தூரத்தை ரொம்பவும் கிட்டே இழுக்காததாக எடுக்கச் சொன்னாள் ட்ரேசி. இல்லாவிட்டால் கிட்டே வந்த மிருகம் வெறும் உரோமமாக மட்டும்தான் தெரியுமாம். காய்ந்த புல் நிறத்தில் சட்டை, பேன்ட், கையுறை, முகத்தை மூடும் துணி. உட்கார ஒரு சின்ன மடக்கு இருக்கை. அப்புறம் ஒரு ஸ்பீக்கர். பொத்தானை அழுத்தினால் அடிபட்ட முயல் கத்துவதுபோல அலறுகிறது. கடையிலேயே ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். பச்சைக் குழந்தை அழுவதுபோல இருந்தது.

காரணம் கேட்காதே என்றால் எப்படிக் கேட்காமல் இருப்பது? ஆகஸ்டில் ஆபீஸ் கூப்பிட்டது என்று போனீர்கள். ஐந்து மாதமாயிற்று. தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, தேங்க்ஸ்கிவிங்குக்கு ஆபீஸில் ரிலீஸ் வேலை, கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சல். நரிக்கு நான் பயப்படுகிறேன். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்? அங்கே வேறு யாராவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

வான்மதி


சன்னிவேல்
2 பிப்ரவரி 2025

வான்மதி,

வேறு யாரும் இல்லை. இதை எழுத இரண்டு நாள் லீவு போட்டேன்.

நான் டல்லாஸ் பக்கம் படித்தபோது, 2005இல், ஒரு பெட்ரோல் பங்க் கடையில் வேலை பார்த்தேன். ஸ்டூடன்ட் விசாவில் அப்படி வெளியே வேலை பார்க்கக் கூடாது. என்னோடு வேலூர்ப் பையன் வெங்கடகிருஷ்ணன் இருந்தான். அவனும் அப்படித்தான். ஒரு ஞாயிறு மதியம் அவன் கவுன்டரில், நான் பின்னால் குளிர் அறையில் சோடா கேன் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையிலிருந்து பாட்டில்களுக்கு நடுவே கடை தெரியும். ஒருவன் வந்தான். துப்பாக்கியை நீட்டினான். வெங்கி பணப்பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டான். எல்லாம் கொடுத்த பிறகும் அவன் சுட்டான்.

வெங்கி என் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு தடவை. "சபரி, வாடா" என்றான். நான் போகவில்லை. சுட்டவன் ஓடிவிட்டான் என்று தெரிந்தும் போகவில்லை. குளிரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரோ கஸ்டமர் வந்து கத்தியபோது, போலீஸ் வந்தால் விசா போய்விடும் என்று பின்கதவு வழியாக ஓடினேன். மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். ஊருக்கு அனுப்ப வசூல் செய்தபோது நானும் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தேன். நான் அங்கே இருந்தேன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நீ நிலம் என்று ஆசைப்பட்டபோது, இருபது வருஷம் ஆயிற்று, அந்தப் பயம் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஹலோ சொல்ல வந்தபோது அவர் டிரக்கில் ரைஃபிள் தொங்கிற்று. அடுத்த வாரம் ஆபீஸில், வீட்டிலிருந்தே ரிமோட்டாகத் தொடர விருப்பமா என்று கேட்டார்கள். வேண்டாம், வருகிறேன் என்று சொன்னது நான்தான்.

இப்போது நீ கேட்டதைச் செய்திருக்கிறேன். வேட்டைக்காரர்கள் எழுதியது எல்லாம் படித்தேன், நடுவில் நடுவில் மூடி வைத்து. அந்த ஸ்பீக்கரை உன் பக்கத்தில் வைக்காதே. நாற்பது அடி தள்ளி வை. வருகிற மிருகம் சத்தத்தைத்தான் பார்க்கும், உன்னை அல்ல. காற்று உன் முகத்தில் அடிக்கிற பக்கமாக உட்கார். உன் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள். காதுக்குக் கவசம் போடு. பாம்புக்கடி தாங்குகிற பூட்ஸ் கட்டாயம். மிருகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடாதே. தனியாகப் போகவே போகாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு நிற வெஸ்ட் போடு. கயோட்டிக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாதாம். மனுஷனுக்குத் தெரியும். அந்த வெஸ்டும் காதுக் கவசமும் ஆர்டர் செய்துவிட்டேன், வியாழக்கிழமை வரும்.

இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் எனக்குப் புரியும்.

சபரி


சீகின்
26 பிப்ரவரி 2025

ஏனுங்க,

மூன்று வாரமாகப் பதில் போடாததற்கு, நீங்கள் எழுதியது பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதிமூன்று வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். தூக்கத்தில் எழுந்து உட்காரும்போதெல்லாம் ஆபீஸ் டென்ஷன் என்றீர்கள். நானும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை நாள் தனியாக வைத்திருந்தீர்களே என்றுதான்.

முதல் இரண்டு வாரம் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. பதினொரு நாள் மறைத்தேன். நீங்கள் சொன்ன பிறகு நான் மறைப்பது சரியில்லை.

பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. மானஸா ட்ரேசி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ட்ரேசி என்னோடு வருவதாக இருந்தாள். அவள் அம்மாவுக்குத் திடீரென்று மயக்கம், அங்கே போய்விட்டாள். நான் தனியாகப் போனேன். உங்கள் வெஸ்ட் வந்திருந்தது. போடவில்லை. என் நிலத்தில் என்னை யார் சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான். ஓடையோரம் பெரிய ஓக் மரம், காற்று முகத்தில், ஸ்பீக்கர் தள்ளி.

முயல் சத்தம் போட்டுப் பத்து நிமிடத்தில் அது வந்தது. மெல்ல நடந்து வந்து ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தது. வயிறு தொங்கிற்று, சினை. ஸ்கோப்பில் அதன் மூக்கு ஈரம்கூடத் தெரிந்தது. என் இதயம் அடிப்பது காதுக் கவசத்துக்குள் அப்படியே கேட்கிறது. சுட வரவில்லை. விரலை எடுத்துவிட்டு, இருக்கையில் கொஞ்சம் அசைந்தேன்.

அவ்வளவுதான். ஒரு வெடி. என் தலைக்கு ஒரு சாண் மேலே மரப்பட்டை சிதறி முகத்தில் அடித்தது. நான் சுடவில்லையே, எங்கிருந்து என்று யோசிப்பதற்குள் தரையில் கிடந்தேன். வாயில் இங்கிலீஷ் வரவில்லை. "ஐயோ, சுடாதீங்க! சுடாதீங்க! நான் மனுசி!" என்று கத்தினேன். டெக்சஸ் காட்டில் யாருக்குப் புரியும்? குரல்தான் புரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து நிலத்தில் பன்றி வேட்டைக்கு வந்தவர். வேலியைத் தாண்டி, தெரியாமல் நம் பக்கம் வந்திருக்கிறார். முயல் கத்துவது கேட்டு, புல் நிறத்தில் ஏதோ அசைவது தெரிந்து, கயோட்டி என்று சுட்டுவிட்டார். அறுபது வயதிருக்கும். துப்பாக்கியைத் தூர எறிந்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்து, "ஐ டிண்ட் சீ யு, மேம்" என்று அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். பாதி கீழே கொட்டிற்று. அப்புறம் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

கன்னத்தில் மூன்று கீறல். வேறொன்றும் இல்லை. ஆடு முட்டிற்று என்று மானஸாவிடம் சொன்னேன்.

அந்த நாளுக்குப் பிறகு பட்டிக்குப் போகும்போதும் ஆரஞ்சு வெஸ்ட் போட்டுக்கொண்டுதான் போகிறேன். காய்ந்த இலை உடைந்தால்கூட உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் குளிர் அறையில் உட்கார்ந்திருந்தது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். கால் வராது. மனசு கெட்டதால் இல்லை, கால் வராது.

வான்மதி


சீகின், நெடுஞ்சாலை ஓர மோட்டல்
8 மார்ச் 2025

வான்மதி,

உன்னிடமிருந்து இருபது நிமிடத் தூரத்தில், நிலம் பார்க்க வந்தபோது நாம் தங்கிய அதே மோட்டலில் இருக்கிறேன்.

காலை விமானத்தில் சான் அன்டோனியோ வந்து, கார் எடுத்தேன். இரண்டு மணிக்கு நம் கேட் முன்னால் நின்றேன். வழி முழுக்க உன்னிடம் என்ன சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கேயோ தூரத்தில் யாரோ சுடும் சத்தம். ஒரே ஒரு சத்தம், இரண்டு மைல் தள்ளி இருக்கும். கார்க் கதவைத் திறந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. உள்ளே என் மனைவி, என் குழந்தை. கேட்டைத் திறந்தால் போதும். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் காரைத் திருப்பிவிட்டேன்.

வெங்கி கூப்பிட்டபோது போகவில்லை. நீ கூப்பிடாமலே வந்தேன், ஆனால் வந்து சேரவில்லை. இதற்குமேல் உனக்கு நான் எதற்கு? நாளை மதியம் விமானம். மானஸாவிடம் நான் வந்ததைச் சொல்லாதே.

சபரி


சீகின்
8 மார்ச் 2025, சாயங்காலம்

ஏனுங்க,

வெள்ளைக் கார். பார்த்தேன். அந்த இருபது நிமிடமும் நான் அடுப்படி ஜன்னலில்தான் நின்றிருந்தேன். யாரென்று முதல் நிமிடமே தெரிந்துவிட்டது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி வேறு யாரும் துடைக்க மாட்டார்கள்.

நானும் வரவில்லை, பாருங்கள். வாசல்வரை வந்தேன், இறங்கவில்லை. நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள் என்கிற பயம் இல்லை. உள்ளே வந்து, "போதும், மூட்டையைக் கட்டு" என்று சொல்லிவிடுவீர்கள், நானும் சரி என்றுவிடுவேன் என்கிற பயம். எனக்கு இந்த மண் வேண்டும். நீங்களும் வேண்டும். எதை விடச் சொல்வீர்கள் என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

ரைஃபிள் இப்போது வீட்டில் இல்லை. ட்ரேசி வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. விற்கமாட்டேன், அடுத்த வாரம் இரண்டு ஆடு குட்டி போடும். தேவைப்பட்டால் ட்ரேசி வருவாள். நீங்கள் எழுதிய பொறிக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். இது உங்களுக்குப் போதாது என்றால் உட்கார்ந்து பேசுவோம். இந்தத் தடவை குரல் ஏறினாலும் பரவாயில்லை.

மானஸாவிடம் சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டேன். "வொய் டிண்ட் ஹி கம் இன்?" என்று கேட்டாள். "அப்பாவுக்குப் பயமா இருந்துச்சு கண்ணு" என்றேன். அப்புறம் போய் ஷூவை எடுத்துக்கொண்டு வந்து, இப்போதே போகலாம் என்று நிற்கிறாள். காலையில் போகலாம் என்று சமாதானம் செய்து வைத்திருக்கிறேன்.

இட்லிக்கு மாவு இருக்கிறது. எட்டு மணிக்கு அங்கே இருப்போம். நீங்கள் இந்தக் கேட்டுக்கு வர வேண்டாம், நாங்கள் வருகிறோம்.

ரூம் நம்பர் எழுதவில்லை நீங்கள்.

வான்மதி


8 மார்ச் 2025

வான்மதி,

நூற்றுப் பன்னிரண்டு. கீழ்த்தளம். வெளியே பெஞ்ச் இருக்கிறது, ஏழு மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பேன்.

சபரி